பொறுத்துப்பார் முடிவெடுத்தார்

அன்று காலை பல் துலக்கும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் முடிவெடுப்பது என்பதுதான் அந்த முடிவு. இதை மனைவியிடம் உடனே சொல்வதா, காபி குடித்துவிட்டுச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்ததில் காபி ஆறிப்போனது.

அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பங்கு வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிகள் தங்கள் லாப நஷ்டத்தை வெளியிடும் அல்லவா, அதைப் படித்து, அலசிப் பிழிந்து, 'இந்தப் பங்கை வாங்கு' என்றோ 'விற்றுவிடு' என்றோ வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அலசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெரிய பெரிய கம்பெனிகள் அடிக்குறிப்பில் எறும்பு எழுத்தில் பதுக்கி வைப்பதையெல்லாம் மோப்பம் பிடித்து இழுத்துப் போட்டுவிடுவார். கடைசி வரிக்கு வரும்போது மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும். வாங்கு என்று எழுதி விலை இறங்கிவிட்டால்? விற்றுவிடு என்று எழுதி ஏறிவிட்டால்? எதற்கு வம்பு என்று 'பொறுத்திருந்து பார்க்கலாம்' என்று முடித்துவிடுவார். ஆபீஸில் அவருக்குப் 'பொறுத்துப்பார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே வாரத்தில் ஒரு நாள் தலைகாட்டினால் போதும், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை என்பதால் அந்தப் பெயர் அவர் காதில் அதிகம் விழாது.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியபோது மனைவி கேட்டாள், மாத்திடலாமா என்று. பார்க்கலாம் என்றார். அது ஒழுகி ஒழுகித் தானாகவே அடைத்துக்கொண்டது. "பாத்தியா, பொறுத்தோம், சரியாயிடுச்சு" என்று அதையும் தன் சாதனையில் சேர்த்துக்கொண்டார். இப்போது அந்தக் குழாயில் தண்ணீரே வருவதில்லை என்பது வேறு விஷயம். அவ்வளவு ஏன், கல்யாணத்துக்கே அவர் சம்மதம் என்று வாய் திறந்து சொன்னதில்லை. மறுப்புச் சொல்லவில்லை என்பதை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் நடத்தி முடித்துவிட்டார்கள்.

மனைவிக்குப் படம் வரையும் வேலை. குழந்தைகள் புத்தகங்களுக்கு யானை, முயல், நிலா எல்லாம் அவள் கையிலிருந்துதான் வரும். வரைவது சாப்பாட்டு மேஜையில். வேளாவேளைக்கு யானையைத் தூக்கி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டும். ஒருமுறை இவர் காபி டம்ளரை அசைத்ததில் ஒரு சிங்கத்தின் மேல் துளித்துளியாகத் தெறித்து அது சிறுத்தையாகிவிட்டது. பதிப்பகத்துக்காரர் நல்ல மனுஷர், கதையையே சிறுத்தைக்கு மாற்றி எழுதிக்கொண்டார். எல்லா நேரமும் அப்படி நடக்குமா?

வீட்டில் இன்னொரு அறை இருந்தது. கதவு உண்டு, நல்ல வெளிச்சம் வரும் பெரிய ஜன்னல் உண்டு. அதில் அவருடைய மேஜை, இரண்டு திரை, சாய்ந்தால் நீண்டுகொடுக்கும் ஒரு மெத்தை நாற்காலி. "ஏங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்தா வெளிச்சத்துல உக்காந்து வரைவேனே" என்று மனைவி கேட்டுப் பல காலம் ஆகிறது. பார்க்கலாம் என்று அவரும் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறையை விட அவருக்கு மனமில்லை. காரணம் மேஜையோ திரையோ அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாற்காலியில் 'ஆழ்ந்த அலசல்' செய்வார். அலசல் சத்தம் கதவைத் தாண்டி முயல்களுக்கெல்லாம் கேட்கும்.

முந்தின நாள் அப்படி அலசிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய போன் சாப்பாட்டு மேஜையில் அடித்தது. அழைத்தவர் ஆபீஸில் அவருக்கு மேலே இருக்கும் மேலாளர் அம்மா. மனைவிதான் எடுத்தாள், வெகுநேரம் பேசினாள், நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தக் கடை பில் கம்பெனி ரிசல்ட் வருதாமே. இந்தத் தடவை ஒரே வார்த்தை வேணுமாம். வாங்கு, இல்லைன்னா வித்துடு. மதில்மேல் பூனை வேலை இனிமே ஆகாதாம்."

"சொன்னாங்களா?"

"இன்னொரு தடவை பொறுத்திருந்து பார்க்கலாம்னு எழுதினா புகார் கேக்கற பிரிவுக்கு மாத்திடுவாங்களாம். அங்க வேலையே பொறுத்துக்கறதுதானாம்."

அவருக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது. "வேற என்ன சொன்னாங்க?"

"வேற என்ன, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னாங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு முயலுக்குக் காது போடத் தொடங்கினாள்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் பல் துலக்கும்போது வந்த வீரம். அதோடு ஒரு தந்திரமும் சேர்ந்து பிறந்தது. எப்படியும் இந்தத் தடவை ஒரே வார்த்தை எழுதித்தான் ஆக வேண்டும். அதையே காட்டி அறைப் பிரச்சினையையும் ஒரேயடியாக முடித்துவிட்டால் என்ன? ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேஜைக்கு வந்தார்.

"இந்தா, ஒரு பந்தயம் வச்சுக்குவோம். அந்த ரூம்ல உக்காந்து நான் ஒரே வார்த்தைல ரிப்போர்ட் எழுதிட்டா, அப்புறம் நீ ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது. வழவழா கொழகொழான்னு எழுதினா, ரூம் உனக்கு."

மனைவி தூரிகையைக் கீழே வைத்தாள். "எனக்குத்தான் நஷ்டம் போலிருக்கே."

"பயமா?"

"பயம்தான். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எல்லாப் பக்கமும் யோசிச்சாச்சு."

"சரி. ஜெயிச்சுட்டா, பகல்ல நீங்க உள்ள உக்காந்து வேலை பாக்கற வரைக்கும் ரூமை நான் கேக்க மாட்டேன். போதுமா?"

போதுமாவா? பகலெல்லாம் அவர் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார். ஊரான் கம்பெனியின் அடிக்குறிப்பையெல்லாம் துருவித் துருவிப் பார்க்கும் மனிதர், தன் வீட்டு அடிக்குறிப்புக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ரிசல்ட் வந்தது. கம்பெனி என்றால், கடைகளில் பில் போடவும் சரக்கு இருப்புப் பார்க்கவும் மென்பொருள் செய்து விற்பவர்கள். ஒரு காலத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் அவர்களுடைய நீலத் திரைதான். இப்போது புதிதாகச் சில இளவட்டங்கள் கிளம்பி, போனிலேயே பில் போடும் செயலி ஒன்றைக் கொண்டுவந்து கடை கடையாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் ரிசல்ட்டில் பளிச்சென்று லாபம் போட்டிருந்தது. விற்பனை இறங்கியிருக்கிறது, லாபம் ஏறியிருக்கிறது. அதெப்படி? அவர் நேராக அடிக்குறிப்புக்குப் போனார். ஆபீஸுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தை விற்றிருக்கிறார்கள். அந்தக் காசுதான் லாபம் என்று வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் கம்பெனித் தலைவர் எல்லா ஆய்வாளர்களோடும் போனில் பேசுவார், கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு காலாண்டும் நடக்கும் சடங்கு இது. இவர் கதவைச் சாத்தாமலே போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டார். தான் உழைப்பது மனைவிக்கும் கேட்கட்டுமே.

தலைவருக்குத் தேன் தடவிய குரல். "போன காலாண்டு எங்களுக்கு விதைப்புக் காலாண்டு. அதுக்கு முந்தினது மாற்றக் காலாண்டு. இது அடித்தளக் காலாண்டு" என்றார். அறுவடை எந்தக் காலாண்டு என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இவருடைய முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, ஒரு சின்ன சந்தேகம். அந்த வண்டி நிறுத்தற இடத்தை வித்ததைக் கழிச்சுட்டுப் பாத்தா..."

"அருமையான கேள்வி. உங்க கேள்விக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் நான் காத்துக்கிட்டிருக்கேன். அலசறதுன்னா உங்களைக் கேட்டுத்தான் கத்துக்கணும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதே மறந்துபோயிற்று. "போட்டிக்குப் புதுசா வந்திருக்காங்களே, அவங்க..."

"விளையாட்டுப் பிள்ளைங்க. எங்களோட எத்தனை வருஷமா இருக்கிற கடைக்காரங்க, எங்களை விட்டுட்டு எங்க போவாங்க?"

"ரொம்ப நன்றிங்க" என்று போனை வைத்தார். மனது பஞ்சாகிவிட்டது. பாவம், நல்ல மனுஷர். வாங்கு என்று எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. விற்றுவிடு என்று எழுதினால் அந்தக் குரலுக்கு வலிக்குமே. விரல் தானாகப் 'பொ' என்ற எழுத்தைத் தேடிப் போனது.

மனைவி காபியோடு வந்து நின்றாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

"எனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா கேக்கறேன். கடைக்காரங்க இருக்காங்களா, போறாங்களா?"

"போறாங்க. போன தடவையைவிட இந்தத் தடவை அதிகம் பேர். ஆனா மிச்சம் பேர் இருக்காங்களே."

"அவங்க ஏன் இருக்காங்க?"

"பழைய கணக்கெல்லாம் அதுக்குள்ள இருக்கு. வெளிய எடுக்கறது பெரிய பாடு."

"அப்ப பிடிச்சுப்போய் இருக்கல. மாட்டிக்கிட்டு இருக்காங்க."

அவர் மனைவியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். கடைக்காரர்களைப் பற்றித்தான் சொல்கிறாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"புதுசா வந்தவங்க அந்தப் பழைய கணக்கை எடுத்துத் தர மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. அவங்களே ஆள் அனுப்பி மாத்திக் குடுக்கறாங்களாம், காசுகூட வாங்காம." சொல்லும்போதே அவர் குரல் மெதுவாக இறங்கியது. "அப்படின்னா... மிச்சம் இருக்கறவங்களுக்கும் கதவு திறந்தாச்சு."

"சரி, அந்த வண்டி நிறுத்தற இடத்தை வித்தாச்சு. அடுத்த தடவை எதை விப்பாங்க?"

"சாப்பாட்டுக் கூடம் ஒண்ணு இருக்கு."

"அதுக்கடுத்த தடவை?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே கோபம் வந்தது. "குடியிருக்கிற வீட்டு ஓட்டைப் பிரிச்சு வித்துட்டு, பாருங்க எவ்வளவு வெளிச்சம்னு காட்டறாங்க. உழைச்சு வந்த காசு ஒண்ணுமில்ல. நல்ல இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். வேலை செய்யறதெல்லாம் ஒரு மூலைல கிடக்கிற அந்தப் புதுப் பசங்கதான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. "அப்ப அதையே எழுதிட வேண்டியதுதானே."

"எழுதலாம். ஆனா ஒருவேளை..."

மனைவி காபியை மேஜையில் வைத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த அளவு நாடாவை விரித்து ஜன்னலின் அகலத்தை அளக்கத் தொடங்கினாள். பிறகு ஜன்னலிலிருந்து சுவர் வரைக்கும் அளந்தாள். மெத்தை நாற்காலி வழியில் இருந்ததால் அதை ஒரு காலால் லேசாக நகர்த்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். அவருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. விசைப்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டினார். வண்டி நிறுத்தும் இடம் போனது, கடைக்காரர்கள் போவது, புதியவர்கள் வருவது, எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் எழுதினார். 'நல்ல இடத்தில் நெடுநாள் உட்கார்ந்திருப்பது மட்டுமே அந்த இடத்துக்குத் தகுதி ஆகிவிடாது' என்று ஒரு வரி தானாகவே வந்து விழுந்தது. அதைப் படித்து அவரே சொக்கிப்போனார். கடைசி வரியில் கண்ணை மூடிக்கொண்டு 'விற்றுவிடு' என்று அடித்து அனுப்பிவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் வானம் இடிந்து விழவில்லை. நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகின மாதிரி இருந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"அனுப்பியாச்சு" என்றார் எழுந்து நின்று. "ஒரே வார்த்தை."

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் மனைவி, நாடாவைச் சுருட்டிக்கொண்டே. அவள் கண்ணிலும் சந்தோஷம் இருந்தது. தோற்றவள் முகத்தில் சந்தோஷத்துக்கு என்ன வேலை என்று அவர் கேட்டிருக்கலாம். ஜெயித்தவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

மறுநாளிலிருந்து சில நாள் அவர் ராஜா மாதிரி இருந்தார். மற்ற நிறுவனங்களின் ஆய்வாளர்களும் ஒருவர் பின் ஒருவராக அதே முடிவுக்கு வந்தார்கள். பங்கு விலை படிப்படியாக இறங்கியது. சொல்பேச்சுக் கேட்டுப் பிழைத்த வாடிக்கையாளர் ஒருவர் நன்றி சொல்லிக் கடிதமே எழுதினார். மதிய அலசல் முன்னைவிட ஆழமாக நடந்தது. சாப்பாட்டு மேஜையில் யானை வழக்கம்போல் பிரிட்ஜுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தது. "கஷ்டமா இருந்தா சொல்லு" என்று பெரிய மனதோடு சொன்னார். "இல்லீங்க, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றாள் மனைவி. புத்தகம் முடிந்துவிடும் என்று சொல்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மேலாளர் அம்மா போன் செய்தார்.

"பிரமாதம். இவ்வளவு தெளிவா ஒரு ரிப்போர்ட்டை நான் பாத்து எவ்வளவு நாளாச்சு. இனிமே எல்லாரோட ரிப்போர்ட்டும் உங்க கையாலதான் கடைசி வரி வாங்கிட்டுப் போகணும். உங்களுக்குத் தனி அறை போட்டாச்சு. நாளைலேருந்து காலைல வந்துட்டு சாயங்காலம் போனா சரியா இருக்கும்."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தினமுமா?"

"தினமும்தான். அன்னிக்கே உங்க வீட்டுல சொல்லிட்டேனே. இந்த ரிப்போர்ட் மட்டும் உருப்படியா வந்துட்டா அவரை ஆபீஸுக்கே கூப்பிட்டுக்குவேன்னு. அதுக்கு அவங்க, அவருக்கும் அதுதாங்க ஆசை, கூச்சத்துல சொல்ல மாட்டார்னாங்களே."

"அது... பார்க்கலாம்..."

"என்னது?"

"வந்துடறேங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார், அதிலேயே கெட்டார். மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனார். தனி அறை நன்றாகத்தான் இருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. மத்தியானம் லேசாகக் கண் சொருகினால்கூட அந்த மாடியில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜை துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தது. அறையில் ஜன்னலை ஒட்டி அளவெடுத்துச் செய்தது போல வரைமேஜை. யானை சுவரில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தது. அவருடைய திரைகள் ஒரு மூலையில் துணி போர்த்திக்கொண்டு நின்றன. மெத்தை நாற்காலி செருப்பு கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெளியே வந்திருந்தது.

"இது என்ன அநியாயம்? பந்தயத்துல ஜெயிச்சது நான்" என்றார்.

"யாரு இல்லைன்னா? பகல்ல நீங்க உள்ள உக்காந்து வேலை பாக்கற வரைக்கும் கேக்க மாட்டேன்னு சொன்னேன். கேக்கலையே." அவள் நிலாவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். "பகல்ல நீங்க உள்ள இல்லையே."

அவர் அந்த வாக்கியத்தை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பளிச்சென்றுதான் இருந்தது. எறும்பு எழுத்தில்கூட இல்லை.

"எல்லாம் தெரிஞ்சுதான் பந்தயத்துக்கு ஒத்துக்கிட்டியா?"

"ஆமா."

"சரி, நான் வழவழான்னு எழுதியிருந்தா அப்பவே ரூம் உனக்குத்தானே. எதுக்குக் கேள்வி மேல கேள்வி கேட்டு என்னை எழுத வச்சே?"

"ரூம் கிடைச்சிருக்கும். நீங்க புகார்ப் பிரிவுக்குப் போயிருப்பீங்க. எனக்கு அது மனசுக்கு ஆகலைங்க. இவ்வளவு அலசத் தெரிஞ்ச மனுஷன் கடைசி வரிக்குப் பயந்தே வீணாப்போறாரேன்னு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அதோட, புகார்ப் பிரிவும் வீட்டுலேருந்தே பாக்கற வேலையாம். மத்தியானமெல்லாம் சாப்பாட்டு மேஜைல உக்காந்து அலசியிருப்பீங்க."

கோபப்படுவதா, நெகிழ்ந்துபோவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். காற்று நன்றாகத்தான் வந்தது, செருப்பு வாசனைதான் கொஞ்சம் தூக்கல்.

மனைவி தூரிகையும் கையுமாகக் கதவருகில் வந்தாள். அவரைப் பார்க்க அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் வரையறதில்லை. அன்னிக்கு மத்தியானம் வேணும்னா நாற்காலியை உள்ள போட்டுக்குங்க. வேணுமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லிடுங்க."

ஒரு கம்பெனியின் தலையெழுத்தையே ஒரே வார்த்தையில் எழுதிய மனிதர் அவர். வேணும் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஜன்னலில் வெயில் எப்படி அடிக்குமோ? உள்ளே போட்ட நாற்காலியைச் சாயங்காலம் யார் வெளியே தள்ளுவது? அவசரப்பட்டு வேணும் என்று சொல்லிவிட்டால், அதிலும் ஏதாவது அடிக்குறிப்பு இருந்து தொலைத்தால்?

"பார்க்கலாம்" என்றார்.

"அப்ப வேண்டாம்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.